செமி

1

எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை பேசும் வழக்கம் இல்லை. ஆனாலும் ஒரு வார்த்தை மட்டும் மகளின் காதில் விழுந்துவிடக் கூடாது என்று நானும் என் மனைவி ஷீபாவும் பதினாறு வருடமாகக் காவல் இருந்தோம். கேட்டால் சிரிப்பீர்கள். அந்த வார்த்தை 'செமி'.

இந்த மெல்பர்ன் நகரத்தில் எங்களுக்கு ஒரு தமிழ்ச் சபை உண்டு. ஆராதனை முடிந்ததும் பின்கட்டில் டீயும் பழம்பொரியும் கிடைக்கும். அங்கே வைத்துத்தான் வின்சென்ட் அதைப் போட்டு உடைத்தான். வின்சென்டும் நானும் குலசேகரத்துப் பக்கம் ஒரே ஊர். எங்கள் மகள் அக்‌ஷா இங்குள்ள பெண்பிள்ளைகளின் ஆஸ்திரேலியக் கால்பந்து அணியில் ஆடுகிறாள். அவளுடைய அணி இந்த வருடமும் பைனலுக்கு வந்துவிட்டது என்று யாரோ சொன்னதும் அவன் பழம்பொரியை மென்றுகொண்டே அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"போன வருசமும் பைனல்ல கோல தவற விட்டுட்டியாமே மக்கா? செமி ராஜனுக்க வீட்டு ரத்தம்லா, பின்ன எங்க போவும்!"

அவன் கெட்டவன் இல்லை. ஆனால் வாய்க்குப் பூட்டு போடப் பழகாதவன். எனக்குக் கையிலிருந்த டீயை அவன் சட்டையில் ஊற்ற வேண்டும்போல் இருந்தது.

காரில் ஏறியதும் அக்‌ஷா கேட்டாள். அவள் பேசுவது முக்கால்வாசி ஆங்கிலம். நான் தமிழாக்கித் தருகிறேன். "அப்பா, செமின்னா என்ன? பெரியப்பாவை ஏன் அப்படிச் சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்ல மக்கா, ஊருல ஒரு வெளாட்டுப் பேரு" என்றேன். ஷீபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த ஞாயிறு பிள்ளைக்கு பைனல். அதற்குள் இந்தச் சவம் பிடித்த பெயர் விமானம் ஏறி வந்து சேர்ந்துவிட்டதே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிப் புரியவைப்பது சிரமம். பந்தும் முட்டை வடிவம், மைதானமும் முட்டை வடிவம். காலால் உதைக்கலாம், கையில் பிடித்துக்கொண்டு ஓடவும் செய்யலாம். இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவில் உள்ள உயரமான இரண்டுக்கும் இடையே உதைத்தால் கோல், ஆறு புள்ளி. பக்கத்து இடைவெளியில் போனாலோ, உயரக் கம்பத்தில் லேசாக உரசிவிட்டாலோ ஒரே ஒரு புள்ளி. அதற்கு இவர்கள் 'பிகைண்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் வீட்டில் அதைப் 'பொறத்தால' என்று மொழிபெயர்த்தேன். அக்‌ஷாவுக்கு ரொம்பப் பிடித்துப்போய், குப்பைத் தொட்டியில் போட்ட தாள் வெளியே விழுந்தால்கூட "பொறத்தால!" என்று கத்துவாள். தவறியதற்கும் ஒரு மார்க் போடுகிற ஆட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வந்த புதிதில் நான் ரொட்டித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒருநாள் கூட வேலை செய்கிறவன் "இந்த வாரம் பைனல்ஸ்" என்றான். சரி, சனிக்கிழமையோடு தொல்லை ஒழிந்தது, இனி இவர்கள் வேறு எதையாவது பேசுவார்கள் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் பைனல்ஸ் என்றார்கள். அதற்கடுத்த வாரமும் அதுவே. நம் ஊரில் பைனல் என்றால் ஒரே ஆட்டம், அன்றைக்கே கோப்பை, அன்றைக்கே அடிதடி. இங்கே வருடம் முழுக்க ஆடி முன்னால் வந்த அணிகள், கடைசியில் வாரக்கணக்கில் மோதுகிற மொத்தத்துக்கும் பைனல்ஸ் என்று பெயராம். "அப்போ எதுதான் பைனல்?" என்று நான் கேட்டதை வைத்து ஒரு வருடம் சிரித்தார்கள்.

அந்தப் பைனல்ஸ் மாதத்தில் இந்த நகரத்தில் வேறு பேச்சே கிடையாது. டிவியில் நாங்கள் ஆதரிக்கும் பெரிய அணியின் நட்சத்திரத்துக்கு நாங்கள் வீட்டில் வைத்த பெயர் செம்பட்டை, தலைமுடி அப்படி. வருடம் முழுக்க அவன் காலில் பந்து பேசும். எதிரணிக்காரனே கைதட்டுவான். பைனல்ஸ் வந்துவிட்டால் ஆளைக் காணோம். பொறத்தால, பொறத்தால என்று ஒற்றைப் புள்ளியாக உதைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போவான்; அந்த அணி பைனல்ஸில் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. அவன் பெரிய ஆட்டக்காரனா இல்லையா என்று ரொட்டி அடுக்குகிற இடத்தில் ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல் போகும் அளவுக்குச் சண்டை நடக்கும். நானும் அதில் முன்வரிசை.

"பைனல்ஸில் அடிக்காதவன் எத்தனை அடித்தால் என்ன?" என்பது என் கட்சி. அதை நான் வீட்டுக்கும் கொண்டுவந்தேன். அக்‌ஷா அவனுடைய படத்தைத் தன் அறையில் ஒட்டி வைத்திருப்பவள். பைனல்ஸில் அவன்மேல் இரண்டு பேர் ஏறி நிற்கிறார்கள், அவர்களை அவன் இழுத்துக்கொண்டு போவதால்தான் மற்றவர்களுக்கு இடம் கிடைக்கிறது என்பாள். நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெரிய ஆள் என்றால் இரண்டு பேரையும் தள்ளிவிட்டு அடிக்க வேண்டும் என்பேன்.

3

ராஜன் என் அண்ணன். எங்கள் பக்கத்தில் வாலிபால்தான் ஆட்டம். ஊருக்கு ஊர் ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப், கிறிஸ்மஸை ஒட்டி டோர்னமென்ட், பரிசாக சுழற்கோப்பையும் ஒரு செவ்வாழைக் குலையும். ரப்பர் தோட்டத்துக்கு நடுவே மரத்தை வெட்டிச் சமப்படுத்திய கோர்ட்டில் அண்ணன் எழும்பி அடித்தால் பந்து எங்கே விழுந்தது என்று புழுதியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படி ஒரு அடி.

ஆனால் செமி பைனல் வரைதான். பைனலில் அவன் கை கனத்துவிடும். ஆட்டத்துக்கு முன்னால் சபைக் கட்டிடத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுப்பான். எங்கள் ஊரில் அதற்கு வெப்ராளம் என்று பெயர்: வயிற்றில் பிடித்துத் தொண்டைக்கு ஏறி, கைகால்களை நம்முடையது இல்லாமல் ஆக்கிவிடுகிற பதற்றம். வருடாவருடம் பைனல், வருடாவருடம் தோல்வி. டீக்கடையில் யாரோ வாய்க்கு வந்தபடி 'செமி ராஜன்' என்றார்கள். அதுவே நிலைத்துவிட்டது. எங்கள் வீடு செமி வீடு ஆயிற்று. நான் செமிக்க தம்பி. அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் "எந்த ராஜன், செமியா?" என்று பெண்வீட்டுக் கிழவர் கேட்டார்.

ஒரு பைனல் எனக்கு மறக்காது. கோடு பார்க்கிறவன், கையில் சிவப்புக் கொடியோடு நிற்பவன், எங்கள் ஊர்க்காரன். எல்லா ஊரிலும் வழக்கம் அதுதான். உள்ளூர்க் கொடிக்காரன் உள்ளூருக்குத்தான் காட்டுவான்; மாற்றிக் காட்டினால் மறுநாள் டீக்கடைக்கு வர முடியாது. அண்ணன் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி விழுந்தது. கொடிக்காரன் உள்ளே என்று காட்டிவிட்டான். ஊரே கூவியது. நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்குச் சந்தோஷமே இல்லை. பிச்சை போட்ட காசைக் குனிந்து எடுக்கச் சொன்னதுபோல் நின்றான். அடுத்த மூன்று பந்தையும் வலையில் அடித்தான்.

சபையில் வின்சென்ட் உளறிய மறுநாள், நான் வேலையிலிருந்து வரும்போது அக்‌ஷா போனில் அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தாள். என்னிடம் கிடைக்காத பதிலை நேராகவே கேட்டுவிட்டாள். நான் வாசலிலேயே நின்றேன். ஸ்பீக்கரில் அண்ணன் சிரிக்கிற சத்தம்.

"அது எனக்க பேருதான் மக்கா. பைனல்ல தோத்துப் போவேன், அதான் செமி. வெசனப்பட என்ன இருக்கு? பைனல்ல தோத்தவன்னு பேரு வாங்கணும்னா பைனலுக்கு வரணும்லா?"

அவள் சிரிக்கவில்லை. "எனக்கும் வெப்ராளம் வரும் பெரியப்பா" என்றாள். அவளுடைய தமிழில் எத்தனையோ வார்த்தைகள் உதிர்ந்துபோய்விட்டன. தோசைக்கு மேல் போடுகிற பொடிக்குக்கூட அவளிடம் இப்போது ஆங்கிலம்தான் இருக்கிறது. இந்த ஒன்றுக்கு மட்டும் அவளுக்கு ஆங்கிலம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

4

செம்பட்டையின் ஆட்டம் சனிக்கிழமை, அக்‌ஷாவின் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. இரண்டும் பைனல்ஸ். மூன்று பேரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். முதல் பாதியில் அவன் தொட்டதெல்லாம் பொறத்தால. இரண்டாம் பாதியில் அவன் தொடவே இல்லை. ஆட்டத்தில் தோற்று, அவன் தனியாகப் புல்லில் உட்கார்ந்திருந்ததைக் கேமரா விடாமல் காட்டிக்கொண்டிருந்தது. படித்த பெரிய மனிதர்கள் மூன்று பேர் ஸ்டூடியோவில் உட்கார்ந்து அவன் வாழ்க்கையையே அளந்தார்கள்.

பழக்க தோஷம், என் வாய் சும்மா இருக்கவில்லை. "பாத்தியா? இதுக்குத்தான் சொன்னேன். இவனை எப்படிப் பெரிய ஆளுன்னு சொல்லுதது?"

அக்‌ஷா தட்டை மேசையில் வைத்தாள். "போன வருஷம் நான் கோல் தவற விட்டேன்ல? அதுக்கு முந்தின வருஷமும்?"

"அது வேற மக்கா."

"எப்படி வேற?"

ஷீபா என்னைப் பார்த்த பார்வையில் மிச்சச் சோறு இறங்கவில்லை. பிள்ளை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தியிருந்தால்கூட மனது ஆறியிருக்கும், மெல்லச் சாத்தினாள்.

5

நான் அவளுடைய கிளப்பில் சீசன் முழுக்க கோல் நடுவராக நிற்பவன். சம்பளம் கிடையாது, ஆளாளுக்கு ஒரு வேலை செய்ய வேண்டும் என்பதால் எனக்கு விழுந்த வேலை. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு கம்பங்களுக்கு நடுவே நிற்க வேண்டும். கோல் என்றால் இரண்டு விரல் காட்டி இரண்டு கொடியும் வீச வேண்டும். பொறத்தால என்றால் ஒற்றை விரல், ஒற்றைக் கொடி. பிள்ளைகள் நடுவே நிற்பதற்கு அரசாங்க அட்டை வேறு வாங்க வேண்டும். அந்தப் படிவத்தில் 'வேறு பெயர்களால் அறியப்பட்டதுண்டா?' என்று ஒரு கேள்வி இருந்தது. 'செமிக்க தம்பி' என்று எழுதக் கை துடித்தது. இல்லை என்று போட்டுவிட்டு வந்தேன்.

பைனலுக்கு மட்டும் வெளியிலிருந்து நடுவர்கள் வருவார்கள், நான் வேலிக்கு வெளியே நிற்கலாம் என்று நிம்மதியாக இருந்தேன். ஞாயிறு காலை மைதானத்தில் இறங்கியதும் ஒருவர் ஓடிவந்தார். ஒரு முனைக்கு வரவேண்டிய ஆளுக்கு உடம்பு சரியில்லையாம். அட்டையும் பயிற்சியும் உள்ளவன் நான் ஒருவன்தான். எதிரணியின் பயிற்சியாளரும் சம்மதித்துவிட்டார். வெள்ளைக் கோட்டையும் கொடிகளையும் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள்.

ஷீபா போனில் வீடியோ போட்டு அண்ணனைக் காட்டிக்கொண்டிருந்தாள். இங்கே நண்பகல், அங்கே காலை ஏழரை. ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கிற வாளியோடு நின்றிருந்தான். விஷயம் கேட்டதும் அவனுக்கு ஒரே சிரிப்பு.

"எலே, நீயா கொடிக்காரன்? அப்பம் பிள்ளை ஜெயிச்சாச்சு!"

அக்‌ஷா வார்ம்-அப் முடிந்து என் பக்கமாக ஓடிவந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. "அப்பா, வெப்ராளம்" என்றாள். நான் அவள் தலையில் கைவைக்கப் போனேன். நடுவர் கோட்டு போட்டவன் அப்படிச் செய்யக் கூடாது என்று ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டேன்.

ஆட்டத்தை முழுக்கச் சொல்லப்போவதில்லை. மழை பெய்து மைதானம் சேறாகிக் கிடந்தது. அக்‌ஷாமேல் இரண்டு பேரை ஏற்றி விட்டிருந்தார்கள். மூன்றாம் கால்பகுதி வரை அவளுக்கு ஒன்றும் வாய்க்கவில்லை. வேலி ஓரத்தில் எங்கள் அணிப் பிள்ளை ஒருத்தியின் தாய், "நல்ல பிள்ளைதான், பைனல்ஸுக்கு ஆகாது" என்று இன்னொருத்தியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. நான் நேற்று சொன்னதைத்தான் அவள் இன்று சொன்னாள். அவள் வாயிலிருந்து கேட்கும்போது கல்லெறிபோல் இருந்தது.

கடைசிக் கால்பகுதியில் அவள் அணி என் முனையை நோக்கி ஆடியது. எங்கள் பிள்ளைகள் ஐந்து புள்ளி குறைவு. நேரம் தீரப்போகிறது. சேற்றிலிருந்து ஒரு பந்து மேலே எழும்பியது. இரண்டு பேருக்கு மேலாக என் மகள் எழும்பினாள். அந்த எழும்பல் எனக்குத் தெரியும். அது எங்கள் குடும்பத்து எழும்பல். பந்து அவள் கையில் ஒட்டிக்கொண்டது. அடுத்த நொடியில் சைரன் அடித்தது.

இந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. சைரனுக்கு முன்னால் அப்படிப் பந்தைப் பிடித்துவிட்டால், ஆட்டம் முடிந்த பிறகும் ஒரு உதை உண்டு. கோல் என்றால் வெற்றி. பொறத்தால என்றால் தோல்வி. அவள் பந்தைத் துடைத்துவிட்டுப் பின்னால் நடந்தாள். நான் கம்பங்களுக்கு நடுவே நின்றேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே யாருமே இல்லாததுபோல் இருந்தது. வெப்ராளம் அவளுக்கா எனக்கா என்று தெரியவில்லை.

ஓடிவந்து உதைத்தாள். நல்ல உதை. உயரமாக, நேராக வந்த பந்து கடைசியில் கொஞ்சம் வளைந்தது. இடப்பக்கக் கம்பத்தின் உச்சிக்குக் கீழே நான் ஓடினேன். பந்து உள்ளே போனது. போகும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. நகத்தால் சுண்டினால் வருமே, அந்தச் சத்தம்.

எங்கள் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்துவிட்டார்கள். எதிரணிப் பெண்கள் சேற்றில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களே கோல் என்று நம்பிவிட்டார்கள். கள நடுவர் ஓடிவந்து என் முகத்தைப் பார்த்தார். "நீதான் சொல்ல வேண்டும்" என்றார். அந்தச் சத்தத்தைக் கேட்டது நான் ஒருவன்தான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

யோக்கியன் என்று பெயர் வாங்குவதற்காக இதை எழுதவில்லை. எனக்கு அப்போது நியாயம் எதுவும் ஞாபகம் வரவில்லை. டீக்கடையும், செமி வீடும், வின்சென்ட் வாயிலிருந்த பழம்பொரியும்தான் ஞாபகம் வந்தன. இரண்டு விரலை நீட்டினால் அந்தப் பெயர் இன்றோடு ஒழியும். இரண்டு கையும் தாமாகவே மேலே எழும்பிவிட்டன. அப்போது அண்ணனின் முகம் குறுக்கே வந்தது. உள்ளூர்க் கொடிக்காரன் தூக்கிக் கொடுத்த புள்ளியை வாங்கிக்கொண்டு நின்ற முகம். அந்த முகத்தை என் பிள்ளைக்கு நான் கொடுப்பதா?

கம்பத்தைத் தட்டிக் காட்டினேன். ஒற்றை விரலை நீட்டினேன். ஒற்றைக் கொடியை எடுத்து வீசினேன்.

எதிர்ப்பக்கத்திலிருந்து கூச்சல் கிளம்பியது. எங்கள் பக்கத்தில் யாரோ, "சொந்த அப்பனே!" என்றார்கள். அக்‌ஷா எங்கே என்று தேடினேன். தாவிக் குதித்த கூட்டத்தில் அவள் இல்லை. உதைத்த இடத்திலேயே முட்டியில் கையூன்றிக் குனிந்து நின்றிருந்தாள்.

6

காரில் ஷீபா மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள். எனக்கு அவளிடம் கோபம் வந்தது, என்னிடமும் வந்தது, அந்தக் கம்பத்திடமும் வந்தது. பின்சீட்டில் சேறு அப்பிய சாக்ஸோடு பிள்ளை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது திட்டமாட்டாளா என்று காத்திருந்தேன்.

ஷீபாவின் போன் அடித்தது. அண்ணன். தோட்டத்தில் சிக்னல் போய் கடைசி உதைக்கு முன்னாலேயே வீடியோ நின்றுவிட்டிருந்தது.

"என்னாச்சுலே? ஜெயிச்சுதா?" ஸ்பீக்கரில் அவன் மூச்சு வாங்குவது கேட்டது. சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறியிருக்கிறான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்‌ஷா கை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"தோத்துட்டோம் பெரியப்பா. கம்பத்துல பட்டுட்டு. பொறத்தால."

"பட்டுதா? நெசமாட்டுதானா?"

"பட்டுது. அப்பா கைய தூக்கும் முன்னாடியே எனக்குத் தெரியும். காலுல இருந்து போகும்போதே தெரியும்."

கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் அது அண்ணனின் அந்தப் பழைய முகம் இல்லை. களைத்துப்போன ஒரு பிள்ளையின் முகம், அவ்வளவுதான். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அண்ணன் மெதுவாக, "எனக்க பேரு ஒனக்கு வந்துரப்பிடாதுன்னு நான் வேண்டாத நாள் இல்ல மக்கா" என்றான். அவன் குரல் அப்படிக் கம்மி நான் கேட்டதே இல்லை. செமி என்று ஊர் கூப்பிட்டதையெல்லாம் சிரித்தே தாண்டியவன் என்றுதான் இத்தனை காலமும் நம்பியிருந்தேன்.

"பெரியப்பா, ஒண்ணு கேக்கட்டா? நீங்க செமி ஜெயிச்சீங்கல்ல?"

"அது எத்தனையோ ஜெயிச்சிருக்கேன். அதை ஆரு எண்ணுனா?"

"இங்க எண்ணுவாங்க. இங்க செமியும் பைனல்ஸ்தான். எல்லாம் சேத்துதான் பைனல்ஸ். செமில ஜெயிச்சா பைனல்ஸ்ல ஜெயிச்ச மாதிரி. நீங்க வருஷா வருஷம் பைனல்ஸ்ல ஜெயிச்சிருக்கீங்க. செம்பட்டை ஒண்ணுகூட ஜெயிக்கல!"

அந்தப் பக்கம் சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு வாளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"எலே" என்று என்னைக் கூப்பிட்டான். "ஒனக்க மவ சொல்லுதது ஒள்ளதா? இல்ல பெரியப்பனைச் சமாதானப்படுத்துகாளா? நீதானே அங்க கொடிக்காரன். நீ சொல்லு."

சிக்னல் விளக்கு சிவப்பாக இருந்தது. வெள்ளைக் கோட்டைக்கூட நான் இன்னும் கழற்றியிருக்கவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்தேன்.

"ஒள்ளதுதான் அண்ணே" என்றேன். "ரெண்டு கொடி."